தொண்ணூற்றெட்டு சதவீதம்

ஒன்பதாம் மாடிக்குப் போகும் லிஃப்ட்
காசு போட்டால்தான் நகரும்.
திபிலீசியில் எங்கள் பக்கம் இன்னும் அப்படித்தான்.
பத்து தெத்ரி உள்ளே விழுந்த பிறகே
கதவை மூடலாமா என்று யோசிக்கத் தொடங்கும்.

அன்று இரண்டு பெட்டிகளோடு நின்றேன்.
ஒன்றில் நான்கு சிப். மற்றதில் இரண்டு.
ஸ்வியாத் கடையிலிருந்து எடுத்து நீட்டினான்:
"சனிக்கிழமை ஒரு பெட்டி திரும்பி வரணும்,
மற்றதன் பணம் வரணும்."

பதினொரு பாடல்கள். மூன்று குரல்கள்.
மேலே ஷியோ, நடுவில் பாத்ரி, அடியில் ஒத்தார்.
சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டுப் பதிவு செய்தோம்.
கம்பளி எதிரொலியைத் தின்று தீர்த்தது.
கேட்டுப் பார்த்தால்
மூன்று தடியர்கள் ஒரு பீரோவுக்குள் நின்று பாடுகிறார்கள்.

இனி அவர்களுக்கு ஓர் இடம் கட்டவேண்டும்:
கல்சுவர், உயரமான கூரை,
கடைசி எழுத்து கரைந்துபோக ஒரு மூலை.
எல்லாம் கணக்குத்தான். ஆனால்
என் மடிக்கணினிக்கு அவ்வளவு மூச்சு இல்லை.
ஏழாவது எதிரொலியை ஏற்றியதும்
விசிறி இரைந்தது,
பாட்டு சோளப்பொரியாய்த் தெறித்தது.

அதற்குத்தான் இந்தப் பெட்டிகள்.
கணினியின் பாரத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்பவை.
இரண்டின் விளம்பரத் தாளிலும்
ஒலிக்குக் கதகதப்பு வரும் என்று போட்டிருந்தது.
தொட்டுப் பார்த்தேன். பொய்யில்லை.
நான்கு சிப் பெட்டியின் மேல் வைத்த டீ
கடைசிவரை ஆறவில்லை.

புதன்கிழமை ஷியோ ஒரு வரியைத் திருத்த வந்தான்.
குரல் பெட்டிக்குள் போய்த் திரும்புவதற்குள்
இமைப்பொழுதில் ஒரு துணுக்கு கழிந்துவிடுகிறது.
ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னான்:
"எனக்குப் பின்னால் எவனோ
என் சட்டையைப் போட்டுக்கொண்டு பாடுறான்."
இரண்டு பெட்டியிலும் அதே ஆள், அதே சட்டை.
எதிரொலியை அணைத்துவிட்டுப் பாடவைத்தேன்.

இரவில் கண்ணை மூடிக்கொண்டேன்.
பாத்ரி மாற்றி மாற்றிப் போட்டான்.
இது, இதுதான், இதில்தான் ஆழம் இருக்கிறது என்றேன்.
அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது
இருட்டிலும் தெரிந்தது.
ஒரே பெட்டியைத்தான்
ஐந்து தடவையும் போட்டிருக்கிறான்.

ஆக, காது கைவிட்டது. பென்சிலை எடுத்தேன்.
நான்கு சிப், நாலாயிரத்து இருநூறு லரி.
இரண்டு சிப், இரண்டாயிரத்து நானூறு.
நடுவில் நிற்பது
காற்று நுழையும் ஜன்னலுக்கு ஒரு புதுச் சட்டம்,
பாத்ரிக்குத் தரவேண்டிய பழைய பாக்கி,
மார்ச் மாத வாடகையில் ஒரு கால்.
விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
என் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பெரிய பெட்டி லிஃப்டில் இறங்கிப் போனது.
அதற்கும் பத்து தெத்ரி.

சின்னப் பெட்டிக்கு ஓர் ஓரத்தில் முள் உண்டு,
எவ்வளவு நிறைந்தது என்று காட்டும்.
ஷியோவுக்குக் கல்மண்டபம்: நாற்பத்தொன்று.
பாத்ரிக்கும் அதே மண்டபம்,
ஒரு தூணுக்குப் பக்கத்தில்: எண்பது.
மூன்றையும் இறுக்கிக் கட்டும் அமுக்கி: தொண்ணூற்றெட்டு.
ஒத்தாருக்கு வந்தபோது
கதவு சாத்தியாகிவிட்டது.

மூவரையும் ஒரே மண்டபத்துக்குள் தள்ளியிருக்கலாம்.
முயன்றும் பார்த்தேன்.
அடிக்குரல் கல்லில் வழிந்து
மற்ற இரண்டு பேரின் காலையும் நனைத்தது.
விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் வந்து கேட்டார்கள்.
ஷியோ கண்ணை மூடினான்.
பாத்ரி தன் தூணைத் தேடினான்.
ஒத்தார் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.
அவர் குரல் மட்டும் ஈரமில்லாமல்,
பல்லிடுக்கில் காற்று போவது வரை கேட்க,
எல்லாருக்கும் முன்னால் இருந்தது.

"நான் எங்கே நிக்கிறேன்?"

"வாசலில்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.
"நல்லது. அங்கே புகை பிடிக்கலாம்."

மிச்சம் இரண்டு சதவீதம் இருந்தது.
எதற்கும் செலவழிக்கவில்லை.